வெள்ளிக்கும் தேய்பிறை உண்டு

வெள்ளியைத் தொலைநோக்கியில் முதல்முறையாகப் பார்க்கிறவர்கள் கண்ணை எடுத்ததும் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "நிலாவைத்தானே காட்டுறீங்க?"

2025 மாசியில் எங்கள் வீட்டுப் படைப்புக்காக, அதாவது முன்னோருக்குப் படைத்துக் கும்பிடும் சடங்குக்காக, பங்காளிகள் எல்லாரும் ஊருக்கு வந்திருந்தோம். செட்டிநாட்டில், கானாடுகாத்தான் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். முன்தெருவில் தொடங்கிப் பின்தெருவில் முடிகிற நீண்ட வீடு. வருஷத்தில் முக்கால்வாசி நாள் பூட்டியே கிடக்கும். மார்ச் 1, சனிக்கிழமை, பொழுது சாய்ந்த நேரம். அமாவாசை கழிந்து பிறை கண்ணில் படுகிற முதல் மாலை. மேற்கே நிலா நகக்கீற்றாகக் கிடந்தது. அதற்கு மேலே, கொஞ்சம் வலப்பக்கமாக, வெள்ளி பளீரென்று நின்றது. மொட்டை மாடியில் நாலரை அங்குலத் தொலைநோக்கியை வெள்ளியின் மேல் நிறுத்திவிட்டு அண்ணன் மகனைக் கூப்பிட்டேன். சென்னையில் ஏழாவது படிக்கிறான். பார்த்தவன் சொன்னான்: "அயித்தை, இது நிலா. குழாய் நகர்ந்துருச்சு."

குழாய் நகரவில்லை. நிலாவின் பக்கம் திருப்பிக் காட்டினேன். பெரிய வில், அதன் ஓரமெல்லாம் குண்டும் குழியும். மறுபடி வெள்ளிக்குத் திருப்பினேன். சின்னஞ்சிறு வில், மாசு மறு ஒன்றும் இல்லாத வெள்ளை. அன்றைக்கு வெள்ளியின் முகத்தில் ஏழில் ஒரு பங்குதான் வெளிச்சம். நிலாவோ அதைவிடவும் மெலிந்திருந்தது. ஒரே வானத்தில், கைக்கெட்டும் இடைவெளியில், இரண்டு பிறைகள்.

பின்னால் நின்ற பெரியப்பா விளக்கம் சொன்னார்: "பூமியோட நிழல் விழுகுதப்பா. நிலாவுக்கும் அப்படித்தான்."

பெரியப்பா வங்கியில் உயர்ந்த பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்றவர். நிறையப் படித்தவர். இந்த நிழல் எண்ணம் அவரைப் போல நிறையப் படித்தவர்களிடமும் ஆழமாக ஊறியிருக்கிறது. அதனால் முதலில் அதை எடுத்துப் போட்டுவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

நிழல் எந்தப் பக்கம் விழும்? வெளிச்சத்துக்கு எதிர்ப்பக்கம். காலையில் கிழக்கே சூரியன் இருந்தால் நம் நிழல் மேற்கே கிடக்கும். பூமிக்கும் அதே கதைதான். அதன் நிழல் சூரியனுக்கு நேர் எதிர்த் திசையில் நீண்டு, சுமார் 14 லட்சம் கிலோமீட்டரில் கூம்பி முடிந்துபோகிறது. பிறையாகத் தெரிகிற நிலா எங்கே இருக்கிறது? சூரியன் மறைந்த அதே மேற்கில், சூரியனுக்குப் பக்கத்தில். நிழல் அந்தப் பக்கமே போவதில்லை. வெள்ளி இன்னும் எட்டாத இடம். நமக்கு மிக நெருங்கி வரும்போதுகூட 4 கோடி கிலோமீட்டர் தள்ளி, அதுவும் சூரியன் இருக்கும் பக்கத்தில்தான் இருக்கும். பூமியின் நிழல் நிலாமேல் விழுவது சந்திர கிரகணத்தன்று மட்டும். அது பௌர்ணமியில்தான் நடக்கும். பிறைக்கும் நிழலுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அப்படியானால் பிறை எங்கிருந்து வருகிறது? கோள்களுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. சூரியன் பார்த்த பக்கம் பகல், மறுபக்கம் இரவு. எந்த நேரத்தில் எடுத்தாலும் ஒரு கோளில் சரிபாதி வெளிச்சமாகவே இருக்கிறது. அந்தப் பாதி கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. நாம் அந்தப் பாதியை எந்தக் கோணத்தில் இருந்து பார்க்கிறோம் என்பதுதான் மாறுகிறது. நேர் எதிரே நின்று பார்த்தால் முழு வட்டம். பக்கவாட்டில் பார்த்தால் அரை வட்டம். பெரும்பாலும் இருட்டுப் பக்கம் நம்மை நோக்கி இருந்து, ஓரத்தில் மட்டும் பகல் எட்டிப் பார்த்தால் பிறை. இந்த மாற்றத்தைத்தான் தமிழில் கலை என்கிறோம்.

இதை வாயால் சொன்னால் தலையாட்டுவார்கள், மனதில் நிற்காது. செய்து பார்க்க வேண்டும். அதற்குச் செட்டிநாட்டு வளவைப் போல வாகான இடம் வேறு இல்லை என்று எனக்குத் தோன்றும். நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தூண் வரிசை, அதற்குப் பின்னால் நடை, அதற்கும் பின்னால் அறைகள். உள்ளே ஒரு சுற்று, வெளியே ஒரு சுற்று என்று வீடே அடுக்கடுக்காக அமைந்திருக்கிறது.

அன்று சாப்பாடு முடிந்ததும் எல்லா விளக்கையும் அணைக்கச் சொன்னேன். முற்றத்தின் நடுவில் ஒரு முக்காலி, அதன்மேல் மூடியில்லாத ஒற்றை பல்பு. அது சூரியன். முக்காலிக் காலில் கயிற்றைக் கட்டி, ஏழு அடி நீளத்தில் அதை இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஆச்சி ஒருவர் கோலமாவில் ஒரு வட்டம் போட்டார்கள். அது வெள்ளியின் பாதை. விளக்கில் இருந்து பத்து அடியில், தூணடியில் அண்ணன் மகனை உட்கார வைத்தேன். அவன் பூமி. அளவு சும்மா வைத்ததில்லை. சூரியனில் இருந்து பூமி ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டர், வெள்ளி 10.8 கோடி கிலோமீட்டர். பத்துக்கு ஏழு என்ற கணக்குக் கிட்டத்தட்டச் சரியாக வரும்.

வீட்டுக்கு வெள்ளை அடித்து மிஞ்சிய சுண்ணாம்பை ஒரு ரப்பர் பந்தில் அப்பிக் காயவைத்திருந்தேன். அவன் தங்கை அதை விளக்கின் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தபடி கோலக் கோட்டின்மேல் நடந்தாள். பூமி நகராமல் இருந்தால் போதும். உண்மையில் இரண்டும் சுற்றுகின்றன, ஆனால் ஒருவரை ஒருவர் பார்க்கும் கோணம்தான் நமக்கு முக்கியம்.

முதலில் அவள் விளக்குக்கு அந்தப் பக்கம், அவனுக்கு நேர் எதிரே போய் நின்றாள். பந்து முழுக்க வெள்ளை. ஆனால் பதினேழு அடி தள்ளி, சின்னதாக. விளக்கின் கூச்சம் வேறு கண்ணை மறைத்தது. மெதுவாகச் சுற்றி வந்தாள். பந்தில் ஒரு பக்கம் இருட்டு ஏறத் தொடங்கியது. விளக்கில் இருந்து மிக அதிகம் ஒதுங்கித் தெரிகிற இடத்தில் சரியாக அரைவாசி வெள்ளை, அரைவாசி கருப்பு. "நில்லு, நில்லு, இங்கதான் பாதி" என்று பையன் கத்தினான். அங்கிருந்து அவனை நோக்கி வளைந்து வர வர வெள்ளை ஒதுங்கிக்கொண்டே போய், வில்லாகி, நூலாகி, அவனுக்கும் விளக்குக்கும் நடுவில் வந்தபோது காணாமல் போனது. மூன்றடி தூரத்தில் பெரிய கரிய உருண்டை. அதுதான் வெள்ளிக்கு அமாவாசை.

பெரியப்பா தன் நாற்காலியை இழுத்துப் பையனுக்குப் பின்னால் போட்டுக்கொண்டு இன்னொரு சுற்று வரச் சொன்னார். இரண்டாவது சுற்றில் அவரே சொன்னார்: "பந்து மேல யாரோட நிழலும் விழலையே."

நான் எல்லாரையும் கவனிக்கச் சொன்னது வேறொன்று. நிலா பிறையானாலும் முழுதானாலும் அதன் வட்டத்தின் அளவு கிட்டத்தட்ட ஒன்றுதான். வெள்ளி அப்படி இல்லை. முழுதாக இருக்கும்போது பதினேழு அடி, மெல்லிய பிறையாக இருக்கும்போது மூன்றடி. ஏறக்குறைய ஆறு மடங்கு வித்தியாசம். வானத்திலும் அதே ஆறு மடங்குதான். சூரியனுக்கு அப்பால் இருக்கும்போது வெள்ளி நம்மிடம் இருந்து சுமார் 26 கோடி கிலோமீட்டர். இந்தப் பக்கம் வரும்போது சுமார் 4 கோடி. தேயத் தேயப் பெரிதாகும் பிறை அது. தொலைநோக்கியில் வாரா வாரம் பார்த்து, ஒரே அளவில் நோட்டில் வரைந்து வைத்தால், அந்த ஆறு மடங்கும் தாளில் ஏறிவிடும். பூமியும் வெள்ளியும் சூரியனை எப்படிச் சுற்றுகின்றன என்பதற்கு வீட்டு மாடியில் நின்று நாமே எடுக்கக்கூடிய சாட்சி அது.

வெறுங்கண்ணுக்கு இந்தப் பிறை ஏன் தெரிவதில்லை என்று கேட்கலாம். பத்து ரூபாய் நாணயம் 27 மில்லிமீட்டர் அகலம். அதைச் சுமார் 90 மீட்டர் தள்ளி ஒருவர் பிடித்தால் எவ்வளவு சின்னதாகத் தெரியுமோ, மிக நெருங்கிய வெள்ளியின் வட்டம் அவ்வளவுதான். நல்ல கண்ணின் கூர்மை ஏறத்தாழ அந்த எல்லையோடு முடிந்துபோகிறது. போதாததற்கு வெள்ளியின் கண்கூசும் ஒளி உருவத்தைக் கலைத்துவிடும். முழு வட்டமாக இருக்கும் காலத்தில் அதே நாணயம் அரைக் கிலோமீட்டருக்கும் மேல் தள்ளிப் போய்விடும். ஆனால் பத்து மடங்கு பெரிதாக்கும் சாதாரண பைனாகுலரைத் தூணிலோ கைப்பிடிச் சுவரிலோ அசையாமல் சாய்த்து வைத்தால், பிறை பெரிதாக இருக்கும் சில வாரங்களில் நன்றாகவே தெரியும்.

இப்போது ஒரு புதிர். வெள்ளி எப்போது மிகப் பிரகாசமாக இருக்கும்? முழு வட்டமாக இருக்கும்போது என்றுதான் எவரும் சொல்வார்கள். நிலாவிடம் கற்ற பாடம் அது. உண்மை நேர்மாறு. கால்வாசி வெளிச்சத்தோடு பிறையாக இருக்கும்போதுதான் வெள்ளி உச்சமாக ஒளிர்கிறது. கணக்குப் போட்டால் விளங்கிவிடும். முழுதாக இருக்கும்போது வட்டத்தின் விட்டம் 10 என்று வைத்துக்கொள்ளுங்கள். கால்வாசிப் பிறையாகும்போது அதே வட்டத்தின் விட்டம் 40. விட்டம் நான்கு மடங்கு என்றால் பரப்பு பதினாறு மடங்கு. அதில் கால்வாசி என்றாலும் நான்கு மடங்கு வெள்ளைப் பரப்பு. பிறையில் வெயில் சாய்வாக விழுவதால் முழு நான்கு மடங்கும் ஒளியாகக் கிடைப்பதில்லை. நடைமுறையில் இரண்டரை மடங்கு போலக் கூடுகிறது. அதன்பிறகு இன்னும் நெருங்கினாலும் பிறை மெலிவது முந்திக்கொள்கிறது, ஒளி குறைகிறது. சூரியனுக்கும் நமக்கும் நடுவில் வெள்ளி வருகிற நாளுக்குச் சுமார் ஐந்து வாரம் முன்னும், ஐந்து வாரம் பின்னும் இந்த உச்சம் வரும். மாசி மாலையில் நாங்கள் பார்த்தது அந்த உச்சம் கடந்து சில நாள் ஆன வெள்ளி.

புதனும் வெள்ளியைப் போலவே எல்லாக் கலையும் காட்டும். விளக்கில் இருந்து நாலடியில் ஓடும் கோள் அது. ஆனால் சின்னது, தூரம் கூடியது, சூரியனை விட்டு ஒருபோதும் அதிகம் ஒதுங்காதது. 1639இல் இத்தாலியில் ஜியோவன்னி சூப்பி என்பவர் அதன் கலைகளைப் பார்த்தார். நானும் சில முறை பார்த்திருக்கிறேன். அடிவானப் புழுதிக்கு மேலே, நடுங்குகிற ஒரு சிறு அரைவட்டம்.

பையன் அடுத்துக் கேட்டதுதான் நல்ல கேள்வி: "அப்ப வியாழனுக்கு ஏன் பிறை இல்ல?" அன்று மாலை வியாழன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலேயே இருந்தது. அதையும் பார்த்திருந்தான்: வட்டமான முகம், பக்கத்தில் வரிசையாக நான்கு நிலாக்கள்.

இதற்குத்தான் அந்த வீட்டின் நீளம் உதவியது. நம் கணக்கில் வியாழன் விளக்கில் இருந்து 52 அடி. தங்கையைப் பந்தோடு இரண்டாம் கட்டைத் தாண்டி அடுப்படிப் பக்கம் போகச் சொன்னேன். நிலைக்கதவுகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருப்பதால் முற்றத்து வெளிச்சம் அதுவரை மெல்லப் போனது. பையன் தூணடியில் இருந்து திரும்பிப் பார்த்தான். பந்து முழு வட்டமாகத்தான் இருந்தது. "நீ அங்க நின்னு பாத்தா என்ன தெரியுது?" என்று அவளைக் கேட்டேன். "விளக்கும் அண்ணனும் ஒரே பக்கமா இருக்கு" என்றாள். விடை அதிலேயே இருக்கிறது. அவ்வளவு தூரத்தில் இருந்து பார்த்தால் சூரியனும் பூமியும் அடுத்தடுத்து நிற்கும். சூரியன் பார்க்கும் முகத்தைத்தான் பூமியும் பார்க்கிறது. வியாழனின் இருட்டுப் பக்கம் நமக்கு எட்டிப் பார்க்க இடமே இல்லை. எவ்வளவு பக்கவாட்டில் போனாலும் நூற்றில் ஒரு பங்குக்கு மேல் அதன் முகத்தில் இருள் ஏறாது. 95 அடியில் நிற்கும் சனிக்கு அதுகூட இல்லை.

செவ்வாய் இடைப்பட்டது. விளக்கில் இருந்து 15 அடி. அதாவது பையனுக்குப் பின்னால் இருக்கும் நடையில் சுற்றும். அது ஒருபோதும் அவனுக்கும் விளக்குக்கும் நடுவில் வராது. ஆகவே செவ்வாய்க்குப் பிறையும் இல்லை, அரைவட்டமும் இல்லை, அமாவாசையும் இல்லை. ஆனால் அருகில் இருப்பதால் கொஞ்சம் பக்கவாட்டாகப் பார்க்க முடிகிறது. மிகக் குறைந்தால் 84 சதவீதம் வரை அதன் முகம் தேயும். பௌர்ணமிக்கு மூன்று நான்கு நாள் முன்பு நிலா எப்படி ஒரு பக்கம் லேசாக அமுங்கினாற்போல் இருக்குமோ, அப்படி.

ஆகப் பிறை காட்ட வேண்டுமானால் ஒரு கோள் நமக்கும் சூரியனுக்கும் நடுவில் நுழையக்கூடியதாக இருக்க வேண்டும். பூமியில் இருந்து பார்த்தால் அந்தத் தகுதி புதனுக்கும் வெள்ளிக்கும் மட்டும். இடம் மாறினால் தகுதியும் மாறும். செவ்வாயில் நின்று பார்க்கிறவருக்கு நம் பூமியே பிறையாகத் தெரியும். 1980 நவம்பரில் வாயேஜர் 1 விண்கலம் சனியைக் கடந்து அப்பால் போய்த் திரும்பிப் பார்த்துப் படம் எடுத்தபோது, சனி வளையத்தோடு பிறையாக நின்றது. பூமியில் இருந்து எவரும் பார்த்திராத, பார்க்கவும் முடியாத காட்சி.

இந்தப் பிறை உலகத்தின் வரைபடத்தையே மாற்றியது என்று சொன்னால் அது மிகை இல்லை. கோள்கள் சூரியனைச் சுற்றுகின்றன என்று கோப்பர்நிக்கஸ் 1543இல் எழுதிவைத்தார். அதற்கு முன் ஆயிரத்து நானூறு ஆண்டுக் காலம் ஆண்டது, பூமியை நடுவில் வைத்த பழைய வானியலாளர் தாலமியின் ஏற்பாடு. நம் வளவில் வைத்தே அதையும் பார்க்கலாம். பையன் அசையாமல் நடுவில் உட்கார்ந்திருக்கிறான். விளக்கே அவனைச் சுற்றி நடக்கிறது. பந்து வைத்திருப்பவள் எப்போதும் அவனுக்கும் விளக்குக்கும் இடைப்பட்ட பகுதியில், சின்னச் சக்கரம் போலச் சுழன்றபடி கூடவே போகிறாள். வெள்ளி மாலையிலும் விடியலிலும் சூரியனை ஒட்டியே தெரிவதற்கு இந்த ஏற்பாடு கச்சிதமாகப் பொருந்தியது. ஆனால் இதில் அவள் விளக்குக்கு அப்பால் போவதே இல்லை. அப்படியானால் பந்தின் வெள்ளை முகத்தை அவன் முழுதாகப் பார்க்கவே முடியாது. காலமெல்லாம் பிறையும் இருட்டும்தான்.

1610 இலையுதிர் காலத்தில் கலிலியோ தன் தொலைநோக்கியை வெள்ளிக்குத் திருப்பினார். முதலில் தெரிந்தது சின்ன முழு வட்டம். மாதங்கள் போகப் போக அது அரைவட்டமாகி, பிறகு பெரிய பிறையானது. தாலமியின் ஏற்பாட்டில் அந்தச் சின்ன வட்டத்துக்கு இடமே கிடையாது. கண்டதை உறுதி செய்யும்வரை வெளியே சொல்லவும் தயக்கம், வேறொருவர் முந்திவிடுவாரோ என்ற அச்சமும் உண்டு. டிசம்பரில் எழுத்துகளைக் கலைத்துப் போட்ட ஒரு லத்தீன் புதிராக எழுதி, வானியலாளர் கெப்ளர் இருந்த பிராகுக்கு அனுப்பினார். 1611 ஜனவரி 1 அன்று எழுதிய கடிதத்தில் விடையைச் சொன்னார்: காதலின் தாய், சிந்தியாவின் உருவங்களை எடுத்துக்கொள்கிறாள். காதலின் தாய் வெள்ளி, சிந்தியா நிலா.

ஒன்றை நேர்மையாகச் சேர்த்துச் சொல்ல வேண்டும். வெள்ளியின் கலைகள் தாலமியை வீழ்த்தின. அதனாலேயே பூமி சுற்றுகிறது என்று நிரூபணம் ஆகிவிடவில்லை. டைகோ பிராஹே ஒரு நடுவழி வைத்திருந்தார்: பூமி அசையாது, சூரியன் பூமியைச் சுற்றும், மற்றக் கோள்கள் சூரியனைச் சுற்றும். அந்த ஏற்பாட்டிலும் வெள்ளி இதே கலைகளைத்தான் காட்டும். பூமியின் ஓட்டத்துக்கு நேரடிச் சான்று கிடைக்க இன்னும் நூறாண்டுக்கு மேல் ஆனது. வெள்ளி சூரியனைச் சுற்றுகிறது என்பது மட்டும் அன்றே முடிந்த வழக்கு.

பஞ்சாங்கம் புரட்டும் பழக்கம் உள்ளவர்களுக்கு இதிலே இன்னொரு விஷயம் துலங்கும். சுக்கிரன் அஸ்தங்கம் என்று போட்டிருப்பார்கள். சூரியனின் ஒளியில் வெள்ளி மறைந்துபோகும் நாட்கள். இது ஒரு சுற்றில் இரண்டு முறை வரும், இரண்டும் ஒரே நீளம் இல்லை. ஒன்று ஒரு வாரம் பத்து நாளில் முடிந்துவிடும். மற்றது ஒன்றரை இரண்டு மாதம் இழுக்கும். சிறு வயதில் அப்பத்தா பஞ்சாங்கத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்கும்போது, ஏன் இந்த ஏற்றத்தாழ்வு என்று எனக்கு விளங்கியதே இல்லை. முற்றத்தில் நடக்கவிட்டுப் பார்த்தால் விளங்குகிறது. நம் மூக்குக்கு நேரே மூன்றடியில் குறுக்கே போகிறவர் சட்டென்று கடந்துவிடுவார். விளக்குக்கு அப்பால் பதினேழு அடியில் நடக்கிறவர் நகர்வதே தெரியாது. குட்டை மறைவு வெள்ளியின் அமாவாசை. நெட்டை மறைவு வெள்ளியின் பௌர்ணமி. நம்மால் பார்க்கவே முடியாத பௌர்ணமி. நிலாவின் பௌர்ணமி ராத்திரி முழுக்க வானில் நிற்கும். வெள்ளியின் பௌர்ணமி சூரியனோடு சேர்ந்து உதித்து, சூரியனோடு சேர்ந்தே மறைந்துவிடும்.

அமாவாசைக்கும் அடுத்த அமாவாசைக்கும் நிலாவுக்கு இருபத்தொன்பதரை நாள். வெள்ளிக்கு 584 நாள். வெள்ளி தன் அமாவாசையில் சூரியனின் முகத்துக்குக் குறுக்கே கரும்புள்ளியாகப் போவது அபூர்வம். அதன் பாதை சற்றே சாய்ந்திருப்பதால் பெரும்பாலும் மேலேயோ கீழேயோ ஒதுங்கிவிடும். 2004 ஜூன் 8 அன்றும் 2012 ஜூன் 6 அன்றும் அப்படிக் கடந்தது. அடுத்தது 2117 டிசம்பரில்தான்.

அன்று மாடியில் இரண்டு பிறைகளைப் பார்த்தபோது பையனிடம் நான் சொல்லாமல் வைத்திருந்த ஒன்று உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. செட்டிநாடு நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால், மாசி பங்குனியில் மாலைப் பிறை தோணி மிதப்பது போல மல்லாந்து கிடக்கும். இரண்டிலும் வெளிச்சம் கீழ்ப்பக்கம், சூரியன் இறங்கிய திசையை நோக்கி. ஆனால் நிலா அன்றுதான் வளரத் தொடங்கியிருந்தது, வெள்ளி தேய்ந்துகொண்டிருந்தது. நிலா சூரியனை விட்டு நாளுக்கு நாள் விலகிப் போகும் வழியில் இருந்தது, வெள்ளியோ சூரியனை நோக்கி இறங்கும் வழியில். மாலை நிலா எப்போதும் வளர்பிறை. மாலை வெள்ளி எப்போதும் தேய்வது. விடியலில் இது அப்படியே தலைகீழ்: நிலா தேயும், வெள்ளி வளரும். முற்றத்தில் அவன் தங்கையை இன்னும் ஒரு சுற்று நடக்கவிட்டு, அவனாகவே இதைச் சொல்ல வைத்தேன்.

பார்க்க விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தை. சூரியன் முழுதாக மறைந்தபின்தான் பைனாகுலரையோ தொலைநோக்கியையோ மேற்கே திருப்ப வேண்டும். தவறிச் சூரியன் அதில் பட்டால் கண் போனது போனதுதான். குழந்தைகள் பக்கத்தில் இருந்தால் இதில் இரக்கமே கூடாது. அதேசமயம் நன்றாக இருட்டும்வரை காத்திருக்கவும் வேண்டாம். கருத்த வானத்தில் வெள்ளியின் ஒளி கூசிப் பிறையை விழுங்கிவிடும். வானம் இன்னும் நீலமாக இருக்கும் அரை மணி நேரம்தான் ருசியான நேரம். ஆடி வைத்த தொலைநோக்கியில் பிறை தலைகீழாகக் கவிழ்ந்து தெரியும், பதற வேண்டாம். 2026 ஆகஸ்ட் நடுவில் மாலை வெள்ளி அரைவட்டமாகும். செப்டம்பரில் பிறையாகி, அக்டோபர் கடைசி வாரத்தில் சூரியனுக்குள் மறையும். நம் பக்கம் ஐப்பசி மழை பிடிக்குமுன் பார்த்துவிட வேண்டும். எட்டு ஆண்டில் வெள்ளி இந்த 584 நாள் கலைச் சுற்றில் ஐந்தை ஏறத்தாழ முடித்துவிடுவதால், 2025 மாசியில் இருந்த கோலம் 2033 மார்ச் முதல் வாரத்தில் மறுபடி வரும். இளம்பிறை நிலாவும் மெலிந்த பிறை வெள்ளியும் மேற்கே அக்கம்பக்கமாக நிற்கும்.

படைப்பு முடிந்து எல்லாரும் கிளம்பும்போது என் பைனாகுலரைப் பையனிடம் கொடுத்தனுப்பினேன். மார்ச் நடுவில் மாலை வெள்ளியைக் காணவில்லை என்று செய்தி அனுப்பினான். எங்கே போயிருக்கும் என்று யோசி என்றேன். ஏப்ரலில் ஒரு நாள் விடியற்காலை ஐந்தரைக்குக் கைபேசி அடித்தது. கடற்கரையில் நிற்கிறானாம், கிழக்கே பார்க்கிறானாம்.

"அயித்தை, வளர்பிறை."